பிரித்தானியாவில் பரப்புரை ஆய்வாளராகக் காலூன்ற

பரப்புரையையும் மூலோபாயத் தொடர்பாடலையும் ஆராய்வதற்கென்றே பெயர்ப்பலகை மாட்டிய துறைகள் பிரித்தானியாவில் அதிகமில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர்க் கற்கைகள் துறையில் இதற்கென ஒரு நிலையம் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிலிப் டெய்லர் 2010இல் காலமாகும்வரை வளர்த்த மரபு உண்டு. மற்ற இடங்களில் வரலாறு, ஊடகம், சர்வதேச உறவுகள் என்று வேறு வேறு துறைகளுக்குள் இதே வேலை நடக்கிறது. துறைப் பெயரை மட்டும் வைத்து வேலை தேடினால் பாதி அறிவித்தல்கள் கண்ணில் படாது.

விண்ணப்பத்தில் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்றுதான். அறிவித்தலோடு தகுதிப் பட்டியல் வரும். சில கட்டாயம், சில விரும்பத்தக்கவை. கடிதத்தில் அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட வேண்டும். எவ்வளவு அழகாக எழுதினாலும் ஒரு கட்டாயத் தகுதிக்குப் பதில் இல்லையென்றால் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். தமிழும் சிங்களமும் நேரடியாக வாசிக்க முடியும் என்பதை முதற் பந்தியிலேயே எழுதுங்கள். விடுதலைப் புலிகள் வெளியிட்ட ‘புலிகளின் குரல்’ வானொலி, ‘ஈழநாதம்’ நாளிதழ், ‘ஒளிவீச்சு’ காணொளிகள், மறுபக்கம் கொழும்பின் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்டவை எல்லாவற்றையும் மூலமொழியில் படிக்கக்கூடியவர் இத்துறையில் மிகச் சிலரே.

விசாவைப் பொறுத்தவரை, கலாநிதிப் பட்டம் முடித்தவருக்குப் பட்டதாரி விசா 3 ஆண்டு தரும். அதற்குள் தொழில் வழங்குநர் பொறுப்பேற்கும் திறன்தொழிலாளர் விசாவுக்கோ குளோபல் டேலண்ட் விசாவுக்கோ மாற வேண்டும். இயலுமானால் இரண்டாவதற்கே முயலுங்கள். இத்துறையில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் 2, 3 ஆண்டு ஒப்பந்தங்கள். திறன்தொழிலாளர் விசாவில் ஒப்பந்தம் முடிந்தால், அடுத்த பல்கலைக்கழகத்தைத் தேட வழக்கமாக 60 நாள் அவகாசமே கிடைக்கும். குளோபல் டேலண்ட் ஒரு முதலாளியோடு கட்டிப்போடாது. சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண். விசாக் காலம் முழுவதற்குமானதை முன்கூட்டியே ஒரே தடவையில் கட்ட வேண்டும். வட்டியில்லாக் கடன் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

இனிச் சொல்வது இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களுக்குக் குறிப்பாக வேண்டியது. விடுதலைப் புலிகள் அமைப்பு பிரித்தானியாவில் 2001 முதல் தடைசெய்யப்பட்டது. அதன் வெளியீடுகளை ஆய்வுக்காகப் படிப்பது குற்றமில்லை. ஆனால் பயங்கரவாதச் செயலுக்குப் பயன்படக்கூடிய தகவலை வைத்திருப்பது 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி குற்றம். 2019இல் வந்த திருத்தம் இணையத்தில் பார்ப்பதையும் அதில் சேர்த்தது. உச்சத் தண்டனையை 15 ஆண்டாக உயர்த்தியது. அதே திருத்தம் கல்விசார் ஆய்வை நியாயமான காரணமாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதும் உண்மை. அந்தக் காரணத்தைக் காட்ட எழுத்து வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு தரும் அனுமதிக் கடிதத்தில் எந்த அமைப்பின், எவ்வகையான ஆவணங்களைத் திரட்டுவீர்கள் என்பது பெயர் சொல்லி இருக்க வேண்டும். கோப்புகள் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான சேமிப்பகத்தில் மட்டும் இருக்கட்டும். சொந்த மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ வேண்டாம். 2008இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அமெரிக்க நீதித் திணைக்களத்தின் தளத்திலேயே கிடைத்த அல்-காய்தா கையேட்டை ஆய்வுக்காக இறக்கியதற்குக் கைதாகி, பல நாள் தடுத்துவைக்கப்பட்டு, குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார். பின்னர் பொலிசார் அவருக்கு நட்டஈடு கொடுத்தார்கள். ஆனாலும் அந்த நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது.

விமான நிலையத்திலும் கவனம் தேவை. அதே சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி, சந்தேகம் எதுவும் இல்லாமலே ஒருவரை மறித்து 6 மணி நேரம்வரை விசாரிக்கலாம், கருவிகளையும் சோதிக்கலாம். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர்கள் அந்தக் கருவியில் இருந்தால் ஆபத்து அவர்களுக்கும்தான். அகதி வழக்கு முடியாதவர், ஊரில் குடும்பம் உள்ளவர் என்று பலர் இருப்பார்கள். ஒலிப்பதிவு ஓரிடத்திலும், புனைபெயருக்கும் உண்மைப் பெயருக்குமான பட்டியல் வேறோரிடத்திலும் இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்தும் காட்டுங்கள். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

வருகிறவர்களுக்குப் பெரும் செல்வம் இலண்டனின் கியூவிலுள்ள (Kew) பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை இலவசம். அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று கொண்டுபோக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். சொந்தக் கமராவால் படமெடுக்கலாம், பிளாஷ் இல்லாமல். 1948 முதல் 1977 வரை வெளியுறவு அலுவலகம் மறைவாக நடத்திய பரப்புரைப் பிரிவான தகவல் ஆய்வுத் திணைக்களத்தின் கோப்புகள் எஃப்.ஓ. (FO) 1110 தொடரிலும், இரண்டாம் உலகப்போரில் பரப்புரை நடத்திய அரசியல் போர்முறைச் செயலகத்தின் கோப்புகள் எஃப்.ஓ. 898 தொடரிலும் இருக்கின்றன. இலங்கையைத் தேடுபவர் வெளியுறவு அலுவலகத்தின் தெற்காசியக் கோப்புத் தொடரான எஃப்.சி.ஓ. (FCO) 37இல் தொடங்கலாம். அங்கே ஓட்டைகளும் உண்டு: 1978 முதல் 1980 வரையான இலங்கை பற்றிய ஏறக்குறைய 200 கோப்புகள் அழிக்கப்பட்டது 2018இல் வெளியில் வந்தது. அதனால் ஒரே தொடரை நம்பி ஆய்வுத் திட்டம் எழுதாதீர்கள். கொழும்பு, டெல்லி, வாஷிங்டன் ஆவணங்களையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

மூடிவைத்த கோப்பைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதிலுக்குப் பொதுவான கெடு 20 வேலை நாள். பொதுநலன் பரிசீலனை என்று சொல்லி நீட்டுவார்கள். மத்திய அரசுத் திணைக்களங்களுக்குச் செலவு வரம்பு 600 பவுண், அதாவது 24 மணி நேர வேலை. ‘இலங்கைப் பரப்புரை பற்றிய எல்லாம்’ என்று கேட்டால் வரம்பைக் காட்டி மறுப்பார்கள். கோப்பு எண்ணையும் இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட காலத்தையும் குறித்துக் கேளுங்கள்.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் ஒப்பந்த ஆய்வுகள் பணம் தரும். ஆனால் அதற்கு வேண்டிய எஸ்.சி. (Security Check) என்ற பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு வழக்கமாக 5 ஆண்டு, அதற்கு மேலான டி.வி. (Developed Vetting) சரிபார்ப்புக்கு 10 ஆண்டு பிரித்தானிய வதிவு எதிர்பார்க்கப்படுகிறது. புதிதாக வந்தவர் அதை நம்பி வீட்டுக் கடன் எடுக்கக்கூடாது. தகுதி வந்த பின்பும் யோசித்தே கையெழுத்திடுங்கள். வெளியிடும் முன் அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஆய்வைப் பதவி உயர்வுக்கோ தேசிய ஆய்வுத்தர மதிப்பீட்டுக்கோ காட்ட முடியாமல் போகலாம்.

நிரந்தர வதிவிடத்துக்கு, எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக்கூடாது என்பது விதி. கல்வியாளர்களின் ஆய்வுப் பயணத்துக்கு விலக்கு உண்டு; திறன்தொழிலாளர் விசாவில் இருப்பவர் பயணத்துக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலை வாங்கியிருக்க வேண்டும். புறப்படும் முன்பே கடிதம் வாங்கி, விமானச் சீட்டோடும் காப்பக அனுமதியோடும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வதிவிடத்துக்கான 5 ஆண்டுக் காலத்தை நீட்டும் திட்டத்தை அரசு 2025இல் அறிவித்திருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் உள்துறை அமைச்சின் தளத்தில் விதியைத் திரும்பவும் வாசியுங்கள்.