எங்க பிளாக் நம்பர் தெரியணும்

வர்ற ஞாயிற்றுக்கிழமை சென்னை கண்ணகி நகரைக் காலி செய்கிறோம். வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீடு, என் வேலைக்கு அதுதான் கிட்ட. பாத்திரமெல்லாம் பாதி மூட்டை கட்டி அப்படியே கிடக்க, நேற்று சாயங்காலம் நான் சுவர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

சுவர்கள் என்றால், 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்கிற தெரு ஓவிய அமைப்பு ஏஷியன் பெயின்ட்ஸோடு சேர்ந்து வந்து எங்கள் பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் வரைந்தார்களே, அவை. வேறு ஊர்களிலிருந்தும் ஓவியர்கள் வந்தார்கள். சென்னைக்காரரான ஏ-கில் வரைந்த சிரிக்கிற பிள்ளைகளின் முகம் பலருக்கும் தெரிந்திருக்கும். என் சுவர் அது இல்லை. எங்கள் எதிர் பிளாக்கில் ஒரு பெரிய முகம், அதன் கன்னத்தின் குறுக்கே கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை இறங்கும். ஓவியர் குழாயை விட்டுவிட்டு வரையவில்லை, அதன் வளைவு மேலேயும் அதே தோல் நிறத்தைப் பூசினார். கிரேன் தொட்டியில் நின்றுகொண்டு அந்த ஒரு குழாய்க்கு மட்டும் காலையிலிருந்து மதியம் வரை எடுத்துக்கொண்டார், கீழே நாங்கள் கழுத்து வலிக்க நின்று பார்த்தோம், மூணாவது மாடி அக்கா ஜன்னல் வழியாகவே டீ நீட்டினார். இப்போது குழாய் மூட்டில் தண்ணீர் கசிந்து தாடைப் பக்கம் உரிந்துவிட்டது. நேற்று அதைத்தான் ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் முதலில் இருந்தது கூவம் கரையில். 2000-க்குப் பிறகு ஆற்றோரம் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்தார்கள், 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். எனக்கு ஆறு வயது. விடியும்போது லாரி வந்தது, மதியத்துக்குள் வீடு இல்லை. ஆயாவின் ஆட்டுக்கல் அங்கேயே நின்றுவிட்டது. யாரிடமும் போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூட நேரமில்லை. வந்த இடத்தில் இருநூறு சதுர அடிகூட இல்லாத வீடு, லாரித் தண்ணீருக்கு வரிசை, ஒரு பக்கம் ஓஎம்ஆர் ரோட்டின் ஐடி கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கேயே ஒரு இடத்தில் வேலைக்குப் போனபோது விலாசத்தைப் படித்ததும் பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பிறகு பல வருஷம் நான் கண்ணகி நகர் என்று சொல்லாமல் துரைப்பாக்கம் என்றுதான் சொன்னேன்.

பெயின்ட் அடித்ததால் தண்ணீர் வந்துவிடவில்லை, வீடு பெரிசாகவும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் படம் எடுக்க வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள், வழி கேட்டார்கள், எங்கள் பசங்க முன்னால் நடந்து போய்க் காட்டினார்கள். எங்கள் ஏரியாவைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் பஸ் ஏறி வருகிறார் என்பது எனக்குப் புதுசு. அப்புறம் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் ஜெயித்து கார்த்திகா வந்தபோது ஊரே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றது. அந்த ரெண்டு வார்த்தையும் ஒரே மூச்சில் டிவியில் வந்ததைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

நேற்று இருட்டும் வரை சுற்றினேன். கேரம் ஆடும் இடம், அடிபம்பு, கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்ததால் பாதி மறைந்த ஒரு சுவர். அந்தத் துணியை விலக்க மனசு வரவில்லை, அதோடு சேர்த்தே பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே கீழே இறங்கினார். அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்று, "ஒரு போட்டோ எடு" என்றார். கூவம் கரை வீட்டுக்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. நான் போனைத் தூக்கி, குழாயும் உரிந்த தாடையும் முழுசாக வரட்டும் என்று பின்னால் நகர்ந்தேன்.

"ஏய், நம்ம பிளாக்கையும் சேர்த்து எடு. நம்பர் தெரியணும்."

ரோட்டின் அந்த ஓரம் வரை போய்த்தான் எடுக்க முடிந்தது.