அக்னி நட்சத்திரத்தில் வாடைக் காற்று

சென்ற மே மாதம் ஒரு பிற்பகல். அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் புகைந்து, மின்சாரம் போய் மூன்று மணி நேரம். கூடத்துத் தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்திருந்தேன். ஒரு கையில் பனையோலை விசிறி, மறு கையில் நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு.

மயிலாடுதுறை வெயிலில் படிக்க வேண்டிய பாட்டா அது? 188 அடிகளில் முதற்பாதி முழுக்கக் குளிர். மழைவெள்ளத்துக்குப் பயந்து மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போன கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள். அப்படியும் கன்னம் நடுங்குகிறது. மாடுகள் மேய மறந்துவிடுகின்றன. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. மேகமூட்டத்தில் பொழுது எது என்றே தெரியாமல், பிச்சி மொட்டு அவிழும் மணத்தை வைத்துத்தான் பெண்கள் மாலை வந்ததைத் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு பாட்டை எழுதிய நக்கீரர் நம்மை வீட்டுக்குள் அழைத்துப் போகிறார். குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் சீந்துவதில்லை. நல்ல கைவினைஞன் செய்து தந்த விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது; அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது.

அந்த இடத்தில் என் கை நின்றது. நின்ற மறுநொடியே கழுத்தில் வியர்வை வழிந்தது, மறுபடி விசிறினேன். ஆனால் அந்தச் சிலந்தி நூலை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. இந்தப் பாட்டை ஐப்பசி மழையில் நான்கைந்து முறையாவது படித்திருப்பேன். குளிரில் இருப்பவளுக்குக் குளிரைச் சொன்னால் 'ஆமாம், தெரியும்' என்று தாண்டிப் போய்விடுகிறாள் போலிருக்கிறது.

இத்தனைக்கும் பருவம் பார்த்துப் படிப்பதில் நான் ஒரு காலத்தில் பஞ்சாங்கக்காரியாக இருந்தவள். அதற்குக் காரணம் தாத்தா. கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்தவர் அவர். ஆடி பதினெட்டு அன்று மாலைதான் முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார். கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஆகவே வேறு நாளில் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். காலையில் துலாக் கட்டத்தில் காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டு, சித்திரான்னம் சாப்பிட்ட மயக்கத்தோடு அந்தப் பக்கங்களைப் புரட்டியவளுக்கு, வீட்டு வாசல் தாண்டினால் அந்த ஏரி வந்துவிடும் என்றுதான் தோன்றும்.

மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளும் உண்டு. காவிரியில் வெறும் மணல் கிடந்த அப்படியோர் ஆடியில் தாத்தாவிடம், "இந்த வருஷம் வேண்டாமே தாத்தா" என்றேன். "தண்ணீர் புத்தகத்தில் இருக்கிறது, எடு" என்றார். அப்போது அது ஏதோ சமாதானம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் படிக்கவே கூடாத நாளும் ஒன்று இருந்தது. சரஸ்வதி பூஜையன்று எல்லாப் புத்தகமும் பட்டுத்துணிக்குக் கீழே போய்விடும். அட்டையில் சந்தனம், குங்குமம். விஜயதசமி காலையில் எடுத்து ஒரு வரியாவது படித்த பிறகுதான் காபி. ஏழாம் வகுப்பில் நான் ஒரு துப்பறியும் நாவலை மட்டும் முன்னெச்சரிக்கையாக அரிசிக் குதிருக்குப் பின்னால் பதுக்கினேன். அந்த ஒரு பகலில் குதிரின் இருட்டில் உட்கார்ந்து படித்த வேகத்தில் வேறு எதையும் இதுவரை படித்ததில்லை. கொலைகாரன் யார் என்பது மறந்துவிட்டது. தவிட்டு வாசனை மறக்கவில்லை.

வங்கி வேலை கிடைத்து ஊர் ஊராக மாற்றல் வந்தபோதுதான் என் பஞ்சாங்கம் குழம்பியது. 1996இல் தென்காசி. ஆனி மாதம் போய்ச் சேர்ந்தேன். இலக்கணப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். வறண்ட நிலத்தைப் பாடும் பாலைத் திணைக்கு உரிய காலம். நானும் கடமையாகக் கலித்தொகையில் பாலைக்கலியை எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் ஜன்னலருகே உட்கார்ந்தேன். வெளியே சாரல். துவைத்துப் போட்ட புடவை மூன்று நாளாகக் காயவில்லை. காட்டில் மரம் கரிகிறது, யானைக்கு நீர் இல்லை என்று பாட்டுச் சொல்ல, எனக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது. கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுக்குத் தொல்காப்பியம் தெரியாது. எங்கள் ஊருக்கோ வடகிழக்குப் பருவக்காற்றுதான் மழை. ஐப்பசி கடைசி நாளில் காவிரியில் நீராடும் கடைமுகத்துக்குக் குடை இல்லாமல் போனவர்கள் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே இலக்கணத்தை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்தை எந்த மாதத்தில் எடுப்பது?

கலித்தொகையை மூடிவிட்டு முல்லைப்பாட்டை எடுத்தேன். 103 அடிதான், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. குளிரில் தோளைக் கைகளால் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர் பெண், 'உங்கள் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள்' என்று கன்றுகளுக்குச் சொல்லும் இடம் வந்தபோது, பின்கட்டு வீட்டில் கன்று கத்தியது. நான் கற்பனை செய்யவில்லை. அந்த வீட்டு அக்கா ஆறு மணிக்குத்தான் பால் கறப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். திருப்பாவையை ஆவணியில் எடுத்துப் பாருங்கள். முப்பது பாட்டும் அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் கோயில் புளியோதரையை வீட்டுக்குக் கொண்டுவந்து சூடாக்கித் தின்ற மாதிரி ஏதோ குறையும். அது விடியற்காலை நாலரை மணிக்கும், கோலமாவு ஒட்டிய விரலுக்கும், நாளுக்கு ஒன்று என்ற கணக்குக்கும் எழுதப்பட்டது. மார்கழி போனால் அது போய்விடுகிறது. தை மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: சென்னைப் புத்தகக் காட்சியில் தூக்க முடியாமல் வாங்கி வந்த பைகள் வாசலிலேயே கிடக்கும், மாசி வரை எதையும் பிரிக்க மாட்டேன்.

புத்தகத்துக்கும் உடம்பு இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் பசை வறண்டு, கெட்டி நாவல்கள் நடுவில் பிளந்துகொள்கின்றன. கார்த்திகையில் அட்டை நத்தை போலச் சுருள்கிறது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஊசியால் பிரிக்க வேண்டியிருக்கிறது. வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைப்பது அம்மா சொன்ன வழி. வாலுப்பூச்சி அதையும் மீறித்தான் வருகிறது. தாத்தாவின் பைண்டில் மூன்றாம் பாகத்தின் ஓரம் முழுக்கச் சல்லடை. மழைக்காலத்தில் நான் அதைத் தொடுவதே இல்லை.

ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகளாகின்றன. இப்போது எனக்குக் கணக்கு எளிது: மாதம் பார்த்து எடுப்பது மார்கழியில் மட்டும், மற்றபடி ஜன்னலுக்கு வெளியே எது இல்லையோ அதை எடுப்பேன். இதை எழுதும்போது ஐப்பசி இருபது. புயல் எச்சரிக்கை என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர், பால்காரர் வரவில்லை. நான் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டில் இருக்கிறேன், கோவில்பட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமியில். மழை எப்போது வரும் என்று அங்கே எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விசிறி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். இன்னும் நூல் கட்டவில்லை. ஒரு சிறிய சிலந்தி மட்டும் காம்பில் உட்கார்ந்திருந்தது.