ஹட்யாயில் தொலைந்த பாஸ்போர்ட்

என் தம்பிக்கு 19 வயது. போன மாதம் நண்பர்கள் மூவரோடு மலேசியாவின் பினாங்கிலிருந்து வேனில் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போனான். வெள்ளி இரவு சந்தையில் பை காணாமல் போய்விட்டது. பாஸ்போர்ட் அதற்குள்தான் இருந்தது. நல்லவேளை, ஐசி (மலேசிய அடையாள அட்டை) சட்டைப் பையில்.

"அக்கா, ஐசியைக் காட்டினா எல்லையில விட்டுடுவாங்களாம், வேன்காரர் சொல்றாரு" என்றான். அந்தப் பேச்சை நம்பிச் சனிக்கிழமை தாய்லாந்து எல்லையில் உள்ள சடாவ் வரை போனார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்னும் எரிகிறது எனக்கு. பாஸ்போர்ட்டுக்குப் பதில் எல்லை தாண்ட உதவும் பார்டர் பாஸ் எடுக்கலாமே என்றார் இன்னொருவர். அது கெடா, பெர்லிஸ் மாதிரி எல்லையோர மாநிலத்து ஆட்களுக்குத்தான், பினாங்குக்காரர்களுக்குக் கிடையாது.

அன்றிரவுதான் தாய்லாந்தின் சொங்க்லாவில் உள்ள நம் மலேசியத் துணைத் தூதரகத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தேன். பேசிய அதிகாரி முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பிக்கு அடிபட்டிருக்கிறதா, தனியாக இருக்கிறானா, இரவு தங்க இடம் உண்டா என்றுதான் கேட்டார். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். ஓட்டல் செலவைத் தூதரகம் ஏற்காது. நண்பன் கணக்குக்குப் பணம் அனுப்பினோம்.

திங்கட்கிழமை போலீஸ் ரிப்போர்ட்டோடு வரச் சொன்னார்கள். அங்கேயும் சிக்கல். ஞாயிறு காலை போன நிலையத்தில் ரிப்போர்ட்டைத் தாய்லாந்து மொழியில் எழுதித் தந்துவிட்டார்கள், பாஸ்போர்ட் எண் இல்லாமல். தம்பியிடம் நகல் இல்லை. பழைய வாட்ஸ்அப் செய்திகளைக் கிளறினேன். போன வருடம் டிக்கெட் எடுக்க அவன் அனுப்பிய பாஸ்போர்ட் படம் கிடைத்தது! 1155-க்கு அழைத்தால் தாய்லாந்தின் சுற்றுலாப் போலீசார் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அவர்கள் உதவியோடு எண்ணைச் சேர்த்து ரிப்போர்ட்டை மாற்றி வாங்கினான்.

திங்களன்று தூதரகத்தில் சிஜில் பெராக்குவான் செமாஸ், அதாவது நாடு திரும்புவதற்கான அவசரப் பயணச் சான்றிதழ், கையில் கிடைத்தது. ஆனால் அதை வாங்கியதும் நேராக எல்லைக்கு ஓடாதீர்கள். தாய்லாந்துக்குள் நுழைந்த முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போயிருக்கும். முதலில் தாய்லாந்து குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அதைச் சரிசெய்ய வேண்டும். பயணத்துக்கு முன் நிரப்பிய டிஜிட்டல் வருகை அட்டை மின்னஞ்சலில் இருந்தது கைகொடுத்தது.

பிள்ளைகளை அனுப்பும் முன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சின்) இ-கான்சுலர் தளத்தில் பயணத்தைப் பதியச் சொல்லுங்கள். தூதரகம் வார இறுதியில் மூடியிருக்கும். அவசர எண் தனி, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மலேசிய எல்லையான புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து தம்பி அழைத்தான்: "அக்கா, இந்தப் பக்கம் வந்துட்டேன். பசிக்குது."