அவருடைய அக்காவின் வாக்கு

"பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே நடந்தது?" என்று, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ட்ரம்ப் வென்ற மறுநாள், 2024 நவம்பர் 7, வியாழக்கிழமை காலை நான் கேட்டேன். பக்கத்து மேசைப் பாலஸ்தீன நண்பர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

ஆபீசில் அரசியல் கதைக்கக் கூடாது என்பது இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரபு நண்பர்கள் அதைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டால், தங்கள் காணிக்குள் வரப்போகும் வெள்ளத்தைப் பற்றிக் கதைப்பது போல இருக்கும். அதற்காக எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்றும் இல்லை. கணக்குப் பகுதியில் இருக்கும் எகிப்தியர், 2009இல் ஒபாமா கெய்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொன்னபோது தன் அப்பா டிவி முன்னால் கண் கலங்கியதைச் சொல்வார், அதற்குப் பிறகு எந்த அமெரிக்கத் தலைவரின் பேச்சையும் முழுதாகக் கேட்டதில்லை என்பார். 2017இல் தங்களுக்கு விசாவை நிறுத்தியதும் ட்ரம்ப்தான், 2020இல் பயங்கரவாத ஆதரவுப் பட்டியலில் இருந்து தங்கள் நாட்டை எடுத்ததும் ட்ரம்ப்தான், இதில் எதை வைத்து ஆளை நிறுப்பது என்று சூடான்காரர் கேட்பார். சிரியருக்குத் தன் நாட்டின் மீதான பொருளாதாரத் தடை எப்போது போகும் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. ஒரு காசுக்கு இரண்டு முகம் என்று அரபியில் சொல்வார்கள், நாங்கள் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்போம். அந்த வாரம் அதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

பாலஸ்தீன நண்பருக்குச் சொந்த ஊர் காசாவில் உள்ள கான் யூனிஸ். அவருடைய அக்கா மிச்சிகனில், டியர்போர்னில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். 2020இல் பைடனுக்குப் போட்டவர், 2024 பெப்ரவரியில் பைடனின் கட்சி வேட்பாளரைத் தெரிய நடந்த முதற்கட்டத் தேர்தலில், 'யாருக்கும் உறுதியில்லை' என்று குறித்துவிட்டு வந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மிச்சிகன்காரர்களில் ஒருவர். ஒக்டோபரில் அவர் தம்பிக்கு எடுத்து, இப்போது என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். தம்பி மத்தியானச் சாப்பாட்டில் என்னிடம் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் இருக்க வேண்டாம், கமலா ஹாரிஸுக்குப் போடச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு என்னிடம் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2005 நவம்பரில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாக்குப் போடவில்லை. போட விடவில்லை என்பதுதான் சரி. மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் போட்டார்கள். மகிந்த ராஜபக்ச நாடு முழுக்க எண்ணியும் சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார், அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். போடாமல் விட்ட வாக்கும் யாருக்கோ போய்ச் சேரும் என்று அன்று பட்டதை நான் அவரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஜனாதிபதிக்கு வாக்குப் போட்டிருக்கிறேன், அதுவும் 2005தான், ஜனவரியில். அப்பாஸ் வந்தார், நாலு வருடத்துக்கு. பிறகு தேர்தலே இல்லை. அமெரிக்காவில் ஒருவர் ஜெருசலேமுக்குத் தூதரகத்தைக் கொண்டுபோனார், மற்றவர்கள் குண்டு அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் வாக்கு இருப்பது அக்காவுக்கு மட்டும்தான், அவ போய் இதில் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கவா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கமலா உங்கள் ஆள் என்றபடியால் சொல்கிறீர்கள்" என்றும் சொன்னார்.

கமலாவின் அம்மா சென்னைத் தமிழர், நான் யாழ்ப்பாணம், எனக்கும் அவவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விளக்கினேன். ஆனால் அந்த ஒட்டு உண்மையிலேயே என் மனதில் இல்லையா என்று பிறகு நிறைய நாள் யோசித்தேன். கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தேர்தல் முடிந்து டியர்போர்ன் கணக்கு வந்தது: ட்ரம்ப் 42 வீதம், ஹாரிஸ் 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18. அரபு மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் நகரம். அதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அந்த வருடம் அவர் சொந்தத்தில் எத்தனை பேரைப் புதைத்தார்கள் என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

அப்புறம்தான் எங்கள் 2010 ஜனாதிபதித் தேர்தல் நினைவுக்கு வந்தது. 2005ஐ அவரிடம் சொன்ன நான் 2010ஐச் சொல்லவில்லை. போரை நடத்திய ஜனாதிபதி ஒரு பக்கம், அந்தப் போரின் இராணுவத் தளபதி பொன்சேகா மறு பக்கம். மாவட்டத்தில் கால்வாசிப் பேர்தான் போனோம், போனவர்களில் பெரும்பாலோர் பொன்சேகாவுக்குப் போட்டோம். நானும் போட்டேன். நல்லவர் என்று நினைத்தல்ல, மற்றவர் தோற்க வேண்டும் என்று. அன்று யாராவது வெளிநாட்டுக்காரர் என்னிடம் வந்து எது குறைந்த தீமை என்று பாடம் எடுத்திருந்தால் நான் அவரோடு கதைத்தே இருக்க மாட்டேன்.

சரி, அப்படியென்றால் நான் சொன்னது பிழையா? 2025 பெப்ரவரியில் காசாவை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்று ட்ரம்ப் சொன்ன அன்று, நான் சொன்னது சரி என்றுதான் பட்டது. ஆனால் அதற்கு முந்திய மாதம், அவர் பதவியேற்பதற்கு முதல் நாள் போர்நிறுத்தம் தொடங்கியபோது அப்படிப் படவில்லை. அது மார்ச்சில் முறிந்ததும் மறுபடி என் பக்கம் சரி என்று தோன்றியது. வேறொருவர் வீட்டு இழவை வைத்து என் வாதத்துக்குப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன், அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் ரியாத்தில் சிரியா மீதான தடைகளை நீக்கப் போவதாக ட்ரம்ப் அறிவித்த மறுநாள், சிரியர் ஒரு தட்டு பக்லாவா கொண்டுவந்தார். பாலஸ்தீன நண்பர் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்து "மப்ரூக்" என்று வாழ்த்தினார். பிறகு இரண்டு துண்டு எடுத்துவந்து, ஒன்றை என் மேசையில் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே வேலையைப் பற்றிக் கதைத்தோம். அக்கா யாருக்குப் போட்டார் என்று அவர் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.