டேமேஜும் டேமேஜஸும்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கும் கடிதமும் பார்த்துவந்தபோது நடந்தது இது. சிங்கப்பூரில் வீடு கட்டுகிற ஒருவருக்கு அனுப்பிய கல் ஒரு பெட்டி நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் வைக்கோல் வைத்துக் கட்டியது போதவில்லை. அதை ஒப்புக்கொண்டு எழுதச் சொன்னார் முதலாளி. நிறைய உடைந்திருக்கிறதே என்று ஓர் எஸ் சேர்த்து, 'வீ அக்செப்ட் ஆல் டேமேஜஸ்' என்று எழுதி அனுப்பினேன்.

பதிலுக்கு வந்தது ஒரு பில். கல்லின் விலையோடு, கொத்தனார் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களின் கூலியும் அதில் இருந்தது.

"ஏன் தம்பி, ஒடஞ்சது நெசம்னுதானே எழுதச் சொன்னேன்?" என்றார் முதலாளி. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

டேமேஜ் என்றால் சேதம். ஒரு கல் உடைந்தாலும் ஒரு லாரி உடைந்தாலும் அது டேமேஜ்தான். எஸ் சேர்ந்துவிட்டால் நஷ்டஈடு. முழு நஷ்டஈட்டுக்கும் சம்மதம் என்றல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

அப்புறம் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். குட் என்றால் நன்மை, குட்ஸ் சரக்கு. கஸ்டம் வழக்கம், கஸ்டம்ஸ் வழக்கங்களாகவும் இருக்கலாம், சுங்கமாகவும் இருக்கலாம், இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்கு இது பிடிபடாததற்குக் காரணம் உண்டு. 'பத்துக் கல் உடைந்தது' என்றாலே நமக்குப் போதும், 'கள்' வேண்டியதில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இப்படிப்பட்ட பெயர்களை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. 'கள்' போட்டாலும் கல் கல்லாகவே இருக்கும், வேறு பொருளாகாது. இங்கிலீஷ் எஸ்ஸை நாம் எண்ணிக்கையாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை, 'ஒரு டைல்ஸ்' என்றுதானே கேட்கிறோம்.

நான் எழுதியதன் அர்த்தத்தை விளக்கி மறுபடி கடிதம் போட்டேன். அவர் கூலியை அடித்துவிட்டுக் கல்லின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். மெஷின் பாலிஷ் இல்லாமல் இந்த மினுமினுப்பு எப்படி என்றும் கேட்டிருந்தார்.

எழுந்து பட்டறைக்குள் போய் நின்று பார்த்தேன். கண்ணாடிமேல் இரும்பு அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்கினார் அண்ணன் ஒருவர். மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தினார். இறுகியபின் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து கண்ணாடி வரிசையாகக் கிடந்தன. 'கிளாஸஸ்' என்று எழுதினால் மூக்குக்கண்ணாடி என்று நினைத்துவிடுவார். 'கிளாஸ் பிளேட்ஸ்' என்று எழுதினேன்.