இணைய இணைப்பை நிறுவனமே நிறுத்தினால்

“உங்கள் பிராட்பேண்ட் சேவை இம்மாத இறுதியில் நிறுத்தப்படும்.” 12 மாதத்துக்கு முன்பணம் கட்டியவருக்கும் இதே ஒற்றை வரிக் குறுஞ்செய்திதான்.

அதை அழித்துவிடாதீர்கள்.

நிறுத்தியது நிறுவனம்தான் என்பதற்கு அதுவே ஆதாரம். பின்னால் ‘முன்கூட்டியே விலகியதற்கான கட்டணம்’ என்று பில் வந்தால் (வந்தாலும் வரும்!) அதைத்தான் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். 5 மாதம் மீதியிருந்தால், கட்டியதில் 12-ல் 5 பங்கைத் திருப்பிக் கேளுங்கள். டெபாசிட் தனி. போனில் பேசி விட்டுவிடாமல் மின்னஞ்சலில் கேட்டு, புகார் எண் வாங்குங்கள்.

ரவுட்டரை ஒப்படைக்கும்போது சீரியல் எண் போட்ட ரசீது முக்கியம். அது இல்லாவிட்டால் ‘பெட்டி வரவில்லை’ என்று டெபாசிட்டில் கழித்துவிட வழியுண்டு.

தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை வங்கியிலேயே ரத்து செய்யுங்கள்.