65ஆம் லெவலில் நின்ற நாட்கள்

2013ஆம் ஆண்டில் சென்னை பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் ஏஆர் காலராக வேலை பார்த்தேன். அமெரிக்க மருத்துவமனைகள் அனுப்பிய கிளெய்முக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏன் பணம் தரவில்லை என்று தொலைபேசியில் கேட்டுக் குறிப்பெழுதுவதும், மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வதும் எங்கள் பணி. கோடையில் அவர்களுடைய கிழக்குக் கரையில் காலை 8.30 ஆகும்போது நமக்கு மாலை 6 மணி. ஆகவே ஆறுக்கு உட்கார்ந்தால் விடியற்காலை மூன்றுக்குத்தான் எழுந்திருப்போம். நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் பேரில் கைப்பேசியை வாசலில் இருந்த லாக்கரிலேயே வைத்துவிட வேண்டும் என்பதால், நள்ளிரவுச் சாப்பாட்டு இடைவேளையில் லாக்கர் கதவுகள் வரிசையாகத் திறக்கும். அந்த ஆண்டு முழுவதும் அத்தனை கைகளிலும் ஒரே விளையாட்டுதான் இருந்தது: கேண்டி கிரஷ்.

2012 ஏப்ரலில் ஃபேஸ்புக்கிலும், அதே ஆண்டு நவம்பரில் கைப்பேசியிலும் வந்த விளையாட்டு அது. ஒரே நிற மிட்டாய்கள் மூன்றை வரிசைப்படுத்தினால் அவை உடையும், மேலிருந்து புதியவை விழும். மொத்தம் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். அது திரும்பி வர 30 நிமிடம் ஆகும், அல்லது நண்பர் யாராவது அனுப்ப வேண்டும். இரவெல்லாம் முகம் தெரியாதவர்களோடு கிளெய்ம் எண்ணையும் தேதியையும் வைத்து வாதாடிவிட்டு வருகிற எங்களுக்கு, நம்மிடம் எதையும் கேட்காத அந்த மிட்டாய்க் கட்டங்கள் உண்மையிலேயே ஓய்வாக இருந்தன. ஆனால் ஃபேஸ்புக்கோடு இணைத்துவிட்டால், வளைந்து வளைந்து போகும் லெவல் பாதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அவரவர் புகைப்படத்தோடு அது காட்டும். என்னுடைய சிக்கல் அந்தப் பாதையில்தான் தொடங்கியது.

எனக்கு வெகுதூரம் முன்னால், மஞ்சள் சுடிதாரில் சிரித்துக்கொண்டிருந்த முகம் என் பேட்ச் தோழியுடையது. ஒரே நாளில் சேர்ந்து, ஒரே பயிற்சி முடித்து, நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்த இருக்கையில் இருந்தவர்கள் நாங்கள். அந்த ஏப்ரலில் டீம் லீடர் பதவிக்கு இருவருமே நேர்காணலுக்குப் போனோம், அவளுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே அவளுக்குத் திருமணமும் நிச்சயமாயிற்று. கையைப் பிடித்து வாழ்த்தினேன், கேக்கும் சாப்பிட்டேன். வயிறு எரிந்தது. அதை வேறு நல்ல சொல்லால் மூடி எழுத விருப்பமில்லை.

பதவி கிடைக்காத வருத்தத்தில் ஒரு நியாயம் உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். இருந்தது ஒரே நாற்காலி. அவள் உட்கார்ந்தால் நான் உட்கார முடியாது. ஆனால் என்னை அரித்தது நாற்காலி மட்டுமல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் எங்களை அரை மணி, முக்கால் மணி நேரம் ஹோல்டில் போட்டுவிடும். ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடும். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில் அவள் அந்த இசையோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு, பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் தாளம் போடுவாள். நான்கு வருடம் எனக்குப் பிடித்திருந்த அந்தத் தாளம் ஏப்ரலுக்குப் பிறகு காதில் முள்ளாகக் குத்தியது. எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவளால் சும்மாவே மகிழ்ச்சியாக இருக்க முடிந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "வீட்டுக்கு வீடு வாசப்படிதான், அவளுக்கும் ஏதாவது இருக்கும்டி" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. நானோ அதை நம்பிக்கையாகவே பிடித்துக்கொண்டேன். அவள் கண் வீங்கியிருக்கிறதா, மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது பேச்சு வந்ததா, புதுப் பதவியில் மேலாளர் கடிந்துகொண்டாரா என்று தினமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிறர் சிரிப்புக்குப் பின்னால் கண்ணீர் இருந்தாக வேண்டும் என்று தேடுவதும் அந்தப் பொறாமையின் இன்னொரு கைதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் 65ஆம் லெவலில் ஐந்து வாரம் நின்றேன். அது அந்நாளில் எல்லோரையும் அழவைத்த லெவல். கொடுத்த நகர்த்தல்களுக்குள், கட்டங்களில் படிந்திருக்கும் ஜெல்லி முழுவதையும் உடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒன்றிரண்டு கட்டம் மிஞ்சிவிடும். நான் மிட்டாயைப் பார்த்து விளையாடவில்லை, பாதையில் முன்னால் இருந்த மஞ்சள் சுடிதாரைப் பார்த்து விளையாடினேன். ஓர் இரவு ஐந்து உயிரும் தீர்ந்து, அரை மணி நேரக் கணக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெளிவாக ஒன்று தோன்றியது: அவள் அவ்வளவு முன்னால் போனதால் என் கட்டத்தில் ஒரு மிட்டாய்கூடக் குறையவில்லை. எனக்கு விழுவது எனக்கு விழுகிறது. நாற்காலியின் கணக்கை அவள் முணுமுணுக்கும் பாட்டுக்கும், அவள் கல்யாணத்துக்கும் சேர்த்து நான் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்புக் கணக்கு.

புரிந்தவுடன் மனம் மாறிவிடவில்லை. மாறியது ஜூலையில் ஒரு விடியற்காலையில், வீடு திரும்பும் கேபில். முன் இருக்கையில் செக்யூரிட்டி அண்ணன் அரைத் தூக்கத்தில் இருந்தார். பின்னால் நாங்கள் இருவர் மட்டும். நான்கு நகர்த்தல் மிச்சமிருந்தபோது, கோடு போட்ட மிட்டாய் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வண்ணப் பொடி தூவிய சாக்லேட் உருண்டை வந்து நின்றது. இரண்டையும் மாற்றினேன். திரை முழுக்கக் கோடுகள் பாய்ந்து, கடைசி ஜெல்லியும் உடைந்தது. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், எனக்கு மூச்சு வருவதற்குள் கூவிவிட்டாள். செக்யூரிட்டி அண்ணன் திடுக்கிட்டு எழுந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாண்ணா, இவ அறுபத்தஞ்சைத் தாண்டிட்டா!"

அவள் முகத்தில் நான் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. தனக்குப் பதவி வந்தபோது எப்படி இருந்ததோ, அதே முகம். என் வெற்றிக்காகவும் அதே அளவு விரிந்திருந்தது.

அந்நாளில் அடுத்த பகுதிக்குப் போக நண்பர்கள் மூவர் டிக்கெட் தர வேண்டியிருந்தது, அல்லது பணம் கட்ட வேண்டியிருந்தது. முன்பு இரண்டு முறை இப்படி நின்றபோது அவளைத் தவிர்த்து வேறு மூவரிடம் கேட்டிருந்தேன். அன்று, "ஒரு டிக்கெட் அனுப்புடி" என்றேன். ஏப்ரலுக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் உதவி அது. வேளச்சேரி வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகும் குத்தல் வந்தது. எங்கள் வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மாதத்தில் பலமாகவே வந்தது. வரும்போதெல்லாம் விலகிப் போகாமல், பக்கத்தில் போய்க் கேட்கப் பழகினேன். புடவை என்ன நிறம், மாப்பிள்ளை என்ன சொன்னார், சமையலுக்கு யாரைப் பேசியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க அது அவளுடைய கல்யாணமாக மட்டும் ஆயிற்று. எனக்குக் கிடைக்காத ஒன்றாகத் தெரிவது நின்றது. மன்னார்குடியில் முகூர்த்தம். மன்னை எக்ஸ்பிரஸில் எங்கள் டீமிலிருந்து ஏழு பேருக்கு டிக்கெட் எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திருமண விடுப்புக்கு முந்தைய மாதக் கடைசியில் கிளெய்ம்கள் குவிந்துவிட்டதால், டீம் லீடராக இருந்தும் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒரே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஹோல்டில் இருந்தோம். பேனாவின் பின்பக்கம் மேசையில் தட்டத் தொடங்கியது. பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் மூச்சு விட்ட இடத்தில் நான் எடுத்து முணுமுணுத்தேன். அவள் திரும்பிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் என் லைனில் ஆள் வந்துவிட்டார். நான் கிளெய்ம் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன்.